கைப்பேசியோடு வரும் செயலிகளைக் கட்டிப் பார்க்கும் உரிமை: எங்கள் நிலைப்பாடு

கைப்பேசி வாங்கும்போதே உள்ளே பதிந்து வரும் செட்டிங்ஸ், தொடர்புகள், கடிகாரம், கீபோர்டு போன்ற செயலிகளை மூலநிரலிலிருந்து பில்டு செய்து, வழு கண்டு, திருத்தி, சொந்தக் கைப்பேசியிலேயே ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு விழுப்புரம், திண்டிவனம் வட்டார மாணவர்களுக்கு வேண்டும். கட்டற்ற மென்பொருளைக் கற்றும் கற்பித்தும் வரும் எங்கள் குழுவின் நிலைப்பாடு இது.

ஆண்ட்ராய்டின் மூலநிரல்தான் இணையத்தில் கிடக்கிறதே, எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். கிடப்பது உண்மைதான். ஆனால் அதை பில்டு செய்ய 64 ஜிபி ரேமும், இறக்கவும் கட்டவும் சேர்த்து 400 ஜிபி வட்டு இடமும் வேண்டும் என்கிறது கூகுளின் வழிகாட்டி. தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு வழங்கும் மடிக்கணினியில் இருப்பது 8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பகம். மூலநிரலை இறக்கி வைக்கவே அதில் இடம் காணாது.

ஒரு செயலிக்கு எதற்கு முழு மூலநிரலும் என்ற கேள்வி நியாயமானது. கடிகாரம் போன்ற எளிய செயலியைக் கொஞ்சம் மெனக்கெட்டால் தனியாகப் பிரித்தெடுத்து பில்டு செய்துவிடலாம். செட்டிங்ஸ் அப்படி மசியாது. வெளியார் எழுதும் செயலிகளுக்குத் திறந்துவிடாத உள் செயற்கூறுகளை அது நேரடியாக அழைக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் போட்டால் பிழைச்செய்திகள் வரிசைகட்டும்.

எங்கள் வகுப்புகளில் மாணவர்களுக்குக் காட்டும் வேலை ஒன்றைச் சொல்கிறோம். செட்டிங்ஸில் ஒரு தமிழ்ச் சொற்றொடர் நீண்டுபோய், பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படுகிறது. தமிழ்ச் சொற்களுக்கென்று இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியைச் சுருக்க வேண்டும். செட்டிங்ஸை மட்டும் பில்டு செய்து எமுலேட்டரில் ஏற்றினால் சரியாகிவிடுகிறது. வேறெங்காவது முறிந்தால் லாக்கேட் என்னும் பதிவுக்கருவி சொல்லிவிடும். கட்டிய அதே செயலியைக் கடையில் வாங்கிய கைப்பேசியில் நிறுவப் பார்த்தால், உற்பத்தி நிறுவனம் தன் சாவியால் இட்ட கையொப்பத்தோடு பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். வழு தேட உதவும் டீபகரும் அந்தச் செயலியோடு இணையாது, விற்பனைக்கு வரும் பில்டில் அந்தக் கதவு சாத்தியே இருக்கும்.

கையொப்ப விதியை நாங்கள் எதிர்க்கவில்லை. அது இல்லையென்றால் எந்தத் திருட்டுச் செயலியும் செட்டிங்ஸ் வேடம் போட்டு உள்ளே வந்துவிடும். மூலநிரலோடு வரும் சோதனைச் சாவிகள் ஊரறிந்தவை, அவற்றால் கையொப்பமிட்ட கைப்பேசி பூட்டாத வீடு. ஆகவே நிறுவனத்தின் சாவியை நாங்கள் கேட்கவில்லை. கைப்பேசியைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரைத் திறந்து, தன் சாவியைக் கொண்டு தான் கட்டியதை ஏற்றும் உரிமை, காசு கொடுத்து வாங்கியவருக்கு வேண்டும் என்கிறோம். அப்படித் திறந்த கைப்பேசியில் வங்கிச் செயலிகள் பல முரண்டு பிடிக்கும். பணப் பரிமாற்றத்துக்கு வைத்திருக்கும் போனில் இதைச் செய்யாதீர்கள் என்று மாணவர்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறோம்.

உரிமத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்ட்ராய்டின் அடியிலிருக்கும் லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால், அதைத் திருத்தி விநியோகிப்பவர் மூலநிரலைத் தந்தாக வேண்டும். செயலிகள் இருப்பதோ அப்பாச்சி 2.0 உரிமத்தில், அதில் அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் கையிலிருக்கும் செட்டிங்ஸில் உற்பத்தி நிறுவனம் என்னென்ன மாற்றியது என்று இணையத்திலிருக்கும் மூலநிரலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. போதாததற்கு, திறந்த மூலநிரலில் இருந்த டயலரையும் மெசேஜிங்கையும் இனிப் பராமரிக்கப்போவதில்லை என்று 2023இல் கூகுள் குறித்துவிட்டது. 2025 மார்ச்சில் ஆண்ட்ராய்டு உருவாக்கம் முழுவதையும் உள்ளுக்குள் நடத்தி, முடிந்த பின்பே நிரலை வெளியிடுவோம் என்றும் அறிவித்தது. பார்த்துக் கற்கும் வழி ஆண்டுக்காண்டு குறுகிவருகிறது.

சென்னை ஐஐடி வளாகத்தில் வளர்ந்து 2023 ஜனவரியில் அறிமுகமான பார்ஓஎஸ் இயங்குதளம்கூட இதே ஆண்ட்ராய்டு மூலநிரலின் மேல் எழுந்ததுதான். பொதுப்பணத்தாலோ அரசு ஆதரவாலோ உருவாகும் எந்தக் கைப்பேசி மென்பொருளானாலும், அதன் உள்ளுறை செயலிகளின் மூலநிரலும் பில்டு செய்யும் முறையும் பொதுவில் வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு விருப்பமில்லை.

எங்கள் வட்டாரத்தில் காக்குப்பத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கட்டடங்கள் வந்துவிட்டன, 64 ஜிபி ரேம் கொண்ட ஒரு பில்டு கணினி ஊருக்கு ஒன்று வருவது பெரிய செலவா? மூலநிரலின் நகலை அதில் ஒருமுறை இறக்கி வைத்தால் ஆளுக்கு ஆள் இறக்கத் தேவையில்லை. மாணவர் தன் 8 ஜிபி மடிக்கணினியிலிருந்தே அதனோடு இணைந்து வேலை செய்யலாம். கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் அது திறந்திருக்க வேண்டும்.

கல்லூரி நிர்வாகங்களும் மாவட்ட நிர்வாகமும் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறோம். பொதுமக்களிடமும் ஒரு கோரிக்கை: பூட்லோடர் திறக்கக்கூடிய பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி வீட்டில் சும்மா கிடந்தால், உள்ளிருப்பதை அழித்துவிட்டு, மாணவர்கள் ஓட்டிப் பார்க்க எங்களிடம் கொடுங்கள். திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை, டச் வேலை செய்தால் போதும்.