மீட்டருக்கு மூளை வருதாம். லயனுக்கு எப்போ வரும்?

'நாளை மின்சார நிறுத்தம்' என்று இந்தப் பக்கத்தில் அடிக்கடி ஒரு சின்னச் செய்தி வரும். காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை, இன்னின்ன ஊர்கள் என்று பட்டியல் இருக்கும். மாவு மில்காரரும் லேத்து பட்டறைக்காரரும் மற்ற செய்தியைப் படிக்கிறார்களோ இல்லையோ, இதைப் படித்து விடுவார்கள்.

அது சொல்லிவிட்டு நிறுத்துகிற கரண்டு. சொல்லாமல் கொள்ளாமல் நின்று போகிற கரண்டுக்கு யார் செய்தி போடுவது?

ராயக்கோட்டை பக்கம் ராத்திரி காற்றில் ஒரு கம்பி அறுந்தால் என்ன நடக்கிறது? முதலில் யாராவது போன் செய்ய வேண்டும். அதற்கு 'மின்னகம்' என்று 2021-ல் ஒரு நம்பர் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் போன் போன பிறகும் எந்தக் கம்பத்தில் கோளாறு என்று லயன்மேன் டார்ச் லைட்டை மேலே அடித்துக் கொண்டே நடக்க வேண்டும். புளியமரம், மாந்தோப்பு, தக்காளித் தோட்டம் எல்லாவற்றையும் தாண்டி நடக்க வேண்டும். ஏனென்றால் கம்பிக்கு வாய் கிடையாது.

அந்தக் கம்பிக்கு வாய் கொடுக்கிற வித்தைக்குத்தான் 'ஸ்மார்ட் கிரிட்' என்று பெயர். லயனில் அங்கங்கே கருவி வைத்து விடுவார்கள். எது வரைக்கும் கரண்டு வருகிறது, எந்த டிரான்ஸ்பார்மர் சூடாகிறது என்று அதுவே ஆபீசுக்குச் சேதி அனுப்பும். கெட்டுப் போன துண்டை மட்டும் கழற்றி விட்டு, மற்ற ஊர்களுக்கு வேறு வழியில் கரண்டைத் திருப்பி விடும். இதில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள் நாட்டில் ஏராளம்.

33 பஸ்!

அப்படி ஒரு மாணவர் ஓசூரில் இருந்து வந்த ரெயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"என்ன சார் ஆராய்ச்சி?"

"லயன்ல ஆகிற நஷ்டத்தைக் குறைக்கிறதுங்கண்ணா."

"எந்த ஊர் லயன்?"

சிரித்து விட்டார். "ஊரெல்லாம் இல்லீங்கண்ணா. 33 பஸ்."

நான் டவுன் பஸ்சை நினைத்துக் கொண்டேன். 'பஸ்' என்றால் கரண்டு வந்து பிரிகிற இடமாம். அப்படி 33 இடம் கொண்ட மாதிரி லயன் ஒன்றை 1989-ல் பாரன், வூ என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். 12.66 கிலோவோல்ட் லயன். மொத்தச் சுமை 3,715 கிலோவாட். கம்பியிலேயே சூடாகி வீணாவது சுமார் 203 கிலோவாட். சுவிட்சுகளை மாற்றிப் போட்டால் அந்த நஷ்டத்தை 140 கிலோவாட் அளவுக்கு இறக்கி விடலாம். 35 வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க ஆராய்ச்சி மாணவர்கள் இந்த ஒரே லயனில் நஷ்டத்தைக் குறைத்துக் கொண்டிருக்கிறார்கள். காகிதத்தில் இருக்கிற லயனில் நஷ்டம் குறைந்தால் யாருக்கு லாபம்?

"நம்ம ஊர் லயன்ல செஞ்சா ஆகாதா?" என்றேன்.

"கணக்கு கிடைக்காதுங்கண்ணா. கிடைச்சாலும் அளந்த கணக்கா இருக்காது."

அவர் சொன்னது பொய் இல்லை. விவசாயத்துக்கு 1990 முதல் இலவச மின்சாரம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட பம்பு செட்டுகள் ஓடுகின்றன. பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. இலவசம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் ஊருக்குள் நுழைய முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் பம்புக்குப் போனது, கம்பியில் வீணானது, கொக்கி போட்டுத் திருடியது மூன்றும் ஒரே பையில் கிடக்கின்றன. கல்லாப் பணத்தையும் கடன் சீட்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்கிற கடைக்காரர் என்றைக்கு லாப நஷ்டம் பார்ப்பார்?

இப்போது எல்லோரும் பேசுவது வீட்டு மீட்டரைப் பற்றி. மத்திய அரசு 2021-ல் ஒரு திட்டம் கொண்டு வந்தது: நாடு முழுக்க வீடுகளுக்கு 'ஸ்மார்ட் மீட்டர்'. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கு மேல் மாட்டிப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 82 லட்சம் மீட்டருக்கு டெண்டர் விட்டு, விலை அதிகம் என்று 2024 கடைசியில் ரத்து செய்தார்கள். டீக்கடையில் கேட்டால் 'நூறு யூனிட் இலவசம் போயிடுமா, பில் ஏறுமா' என்று இதே பேச்சு.

வீட்டு மீட்டர் நம் வீட்டுக்குள் வந்ததைச் சொல்லும். சப்-ஸ்டேஷனில் கிளம்பி நம் வாசலுக்கு வருவதற்குள் காணாமல் போனதை அது எப்படிச் சொல்லும்? அதற்கு ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டர் வேண்டும். அதே மத்திய திட்டத்தில் லயனுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டர் வைக்க வழி இருக்கிறது. அதை முதலில் முடியுங்கள் அய்யா. பிறகு எங்கள் வாசலுக்கு வாருங்கள்.

காய்ந்த மண்

போலீஸ் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் இன்னொன்று சொல்ல வேண்டும். கம்பி அறுந்து விழுந்தால் பியூஸ் போய் கரண்டு நின்று விடும் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. காய்ந்த மண் கரண்டை லேசில் இழுக்காது. கொஞ்சமாகக் கசிவதால் பியூசுக்குத் தெரியாது. கம்பி உயிரோடு கிடக்கும். விடியற்காலையில் மாட்டைப் பிடித்துக் கொண்டு போகிறவர் மிதிப்பார். மறுநாள் அது எங்கள் பக்கத்தில் நாலு வரி.

மாரண்டஅள்ளி நமக்குப் பக்கத்து ஊர். 2023 மார்ச் 7-ந்தேதி அங்கே வயல் வேலியில் திருட்டுத்தனமாகக் கொடுத்திருந்த கரண்டில் 3 யானைகள் செத்தன. 2 குட்டிகள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. 11 நாள் கழித்து கம்பைநல்லூர் பக்கம் ஒற்றை யானை ஒன்று மேலே போகும் மின் கம்பியில் உரசிச் செத்தது.

டிரான்ஸ்பார்மரில் மீட்டர் இருந்திருந்தால் அவை பிழைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வேலியில் சும்மா நிற்கிற கரண்டு மீட்டரில் காட்டாது. அதற்கு வேண்டியது, மண்ணில் கொஞ்சம் கசிந்தாலே மோப்பம் பிடித்து லயனை வெட்டுகிற கருவி. பெரிய ஆராய்ச்சிகள் நடப்பதும் இதில்தான். ஆனால் 33 பஸ் லயனில் மண்ணே கிடையாது. இங்கே இருக்கிறது, சிவப்பு மண்ணும் கல்லும் பாறையுமாக.

சொந்தக் கஷ்டத்தில் இருந்து ஆராய்ச்சி பிறக்காது என்று இல்லை. 2012-ல் சென்னையைத் தவிர தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் இருட்டில் கிடந்தது. ஓசூர் சின்னப் பட்டறைகள் டீசலுக்கே சம்பாதித்தன. அந்தக் காலத்தை ஒட்டி சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் ஒரு யோசனை சொன்னார்கள். கரண்டை அடியோடு நிறுத்தாதே, பத்தில் ஒரு பங்கு விடு. வீட்டில் 48 வோல்ட் தனி ஒயரில் விளக்கும் மின்விசிறியும் ஓடட்டும் என்பது அந்த யோசனை. வீடுகளில் மாட்டியும் பார்த்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூரில், நாட்டின் முதல் 14 சோதனைத் திட்டங்களில் ஒன்று நடந்தது. சுமார் 21 ஆயிரம் இணைப்புகள், அதில் பம்பு செட்டுகளும் சேர்த்தி. மைசூரில் பம்பு செட்டை அளக்க முடிந்தது என்றால் கிருஷ்ணகிரியில் முடியாதா?

உத்தனப்பள்ளி பக்கம் செல்போன் பாகம் செய்கிற டாட்டா ஆலை வந்து விட்டது. பெரிய ஆலைகளுக்கு உயர் அழுத்த இணைப்பு தனி. அதே ரோட்டில் இருக்கிற லேத்து, ஐஸ் கடை, தக்காளி மண்டி எல்லாம் ஒரு 11 கிலோவோல்ட் லயனை நம்பி இருக்கின்றன.

அந்த மாதிரி லயன்களில் ஒன்றே ஒன்றை ஆராய்ச்சிக்கு விடுங்கள். டிரான்ஸ்பார்மர் தோறும் மீட்டர் வைத்து, யார் வீடு என்று பெயர் போடாமல் ஒரு வருஷக் கணக்கைக் கொடுங்கள். பர்கூரில் 1994 முதல் அரசு என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது, மாணவர்களுக்காக வெளியூர் தேட வேண்டாம். பட்டம் வாங்குகிறவர்களுக்கும் ஒரு நிபந்தனை வையுங்கள்: ஒரு மழைக்காலம் முழுக்க லயன்மேன் பின்னால் நடக்க வேண்டும்.

ராயக்கோட்டையில் இறங்கும்போது ஜன்னல் வழியாக அந்த மாணவரிடம் இதைச் சொன்னேன்.

"கணக்கு குடுக்கச் சொல்லுங்கண்ணா. அடுத்த மாசமே டார்ச் லைட்டோட வர்றேன்" என்றார்.