பாடும் மீனும் அலறும் குழாயும்

மட்டக்களப்பு தன்னை ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று பெருமையோடு அழைத்துக்கொள்கிறது. அப்பெயர் வெறும் புலவர் புனைவன்று. 1848 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கு வந்த குடியேற்றச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் ரெனென்ற், நிலவெழுந்தபின் தோணியேறிச் சென்று வாவியின் இன்னொலியைத் தம் காதாற் கேட்டு எழுதிவைத்தார். அவ்வொலியை எழுப்புவன ஊரிகளே என மீனவர் அவருக்குக் கூறினர். மீனோ ஊரியோ, கேட்கும் முறை ஒன்றே. தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையிற் காதை வைத்தல் வேண்டும். அதற்குத் தேவையான முதற்பொருள் அமைதி.

அவ்வமைதியே இன்று பறிபோகின்றது. மாலைவேளையிற் கல்லடிப் பாலத்தைக் கடக்கும் மோட்டார் சைக்கிள்களுட் சில, உற்பத்தியாளர் பொருத்திய சைலன்சரைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கிய குழாயைப் பூட்டியவை. எழுவான்கரையில் எழும் அவற்றின் அலறலுக்கு வாவி வேலியாவதில்லை. நீரை ஒட்டிய காற்று மேற்காற்றினும் குளிர்ந்திருக்கும் பொழுதுகளில், ஒலியலைகள் மேலே சென்று மறையாது கீழ்நோக்கி வளைகின்றன. அவற்றைத் தடுக்க நீர்ப்பரப்பில் மரமுமில்லை, மதிலுமில்லை.

சைலன்சர் எஞ்சினுக்கு இடப்பட்ட விலங்கு என்பது இளைஞர் பலரின் எண்ணம். அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர் 1897 இல் அதற்குக் காப்புரிமை பெற்ற காலந்தொட்டு, அதன் பணி மனிதரையும் இயந்திரத்தையும் ஓரூரில் ஒத்து வாழச் செய்வதே. துளையிட்ட குழாய்களும் அறைகளும் ஒலியலைகளைத் திருப்பி ஒன்றையொன்று தணியச் செய்கின்றன. இவ்வேற்பாட்டை நீக்குதலால் வேகம் கூடும் என்பது முதல் வாதம். போட்டிக்களத்தில், எரிபொருட் கலவையும் பிற உறுப்புகளும் சேர்த்துச் சீரமைக்கப்படும்போது அஃது உண்மையே. குழாயை மட்டும் மாற்றிய 150 சிசி வண்டியிலோ கிடைக்கும் பயன் அற்பம். குறைந்த சுழற்சியில் இழுவை தளர்வதும், கலவையிற் பெற்றோல் குறைந்து வெப்பம் மிகுவதும் உண்டு. ஊக்கிமாற்றியும் சேர்ந்து அகற்றப்படின், காபனோரொட்சைட்டு தணிக்கப்படாமலே வீதியிற் கலக்கும். ஆக, கூடுவது வேகமன்று. வேகம் கூடியதென்னும் மயக்கமே.

உரத்த ஒலி உயிர்காக்கும் என்பது இரண்டாவது வாதம். குழாயின் வாய் பின்னோக்கியது. மோட்டார் சைக்கிளோட்டியை எதிர்நோக்கும் ஆபத்துகளிற் பெரும்பாலானவையோ முன்புறத்திலிருந்து வருவன என்பதை 1981 இல் வெளிவந்த ஹேர்ட் அறிக்கை கலிபோர்னிய விபத்துகளை ஆராய்ந்து காட்டிற்று. உயிருக்கு அஞ்சுபவன் முதலில் தலைக்கவசத்தின் வாரைப் பூட்டுவான்.

இவ்வூருக்கே உரிய கேடு ஒன்றுண்டு. எரியாத பெற்றோல் சூடான குழாயினுள் எரிந்து ‘படீர்’ என வெடிக்கும் ஒலியைச் சிலர் விரும்பியே உண்டாக்குகின்றனர். 2007 வரை கிழக்கிற் போர் நடந்தது. 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. வெடியொலி கேட்டதும் பிள்ளையை அணைத்துக்கொண்டு நிலத்திற் படுத்த தாய்மார் இன்றும் இவ்வீதிகளின் ஓரத்திலேயே உறங்குகின்றனர். அவர்களுக்கு அவ்வொலி விளையாட்டன்று. இரவில் வீதிப் போக்குவரத்தின் சராசரி ஒலி 45 டெசிபெலைத் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கு 2018 இல் வழிகாட்டியது. பத்து டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும். எனினும் எந்த அளவுகோலாலும் அளக்க முடியாதது அத்தாயின் திடுக்கம்.

பழி முழுவதையும் இளைஞர்மீது சுமத்துதல் நேர்மையாகாது. திருவிழாவிலும் தேர்தலிலும் ஊரதிர ஒலிபெருக்கி கட்டுவோர் பெரியோரே. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என 2007 இல் உயர் நீதிமன்றம் பணித்ததையும் அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆயினும் ஒருவர் குற்றம் மற்றவர் குற்றத்தை நியாயமாக்காது.

வேலையின்றி, சொல்லுக்கு மதிப்பின்றி நிற்கும் இளைஞன் தன் இருப்பை உலகுக்கு அறிவிக்க விழைவது இயல்பு. அவ்விழைவையே வணிகன் சந்தைப்பொருளாக்குகின்றான். கேட்கப்படாத குரலுக்கு மாற்றாக ஓர் இரும்புக்குழாயை விற்கின்றான். அதன் அலறல் அதிகாரத்தின் செவியில் விழுவதில்லை. குளிரூட்டிய அறைகளின் கண்ணாடி மூடியே இருக்கின்றது. அது விழுவது நோயாளியின் செவியிலும், விளக்கடியிற் படிக்கும் மாணவியின் செவியிலும், தன் வர்க்கத்தவரான அயலவரின் செவியிலுமே. இது எதிர்ப்பன்று, எளியோரை எளியோர் வருத்துதல்.

2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தையொட்டிப் பொலிஸார் இத்தகைய குழாய்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தனர். தண்டனைக்கு அஞ்சிக் கழற்றப்படும் குழாய், காவல் தளர்ந்ததும் மீளப் பூட்டப்படும். சட்டம் செய்ய முடியாததைப் பண்பாடே செய்தல் வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரான விபுலானந்த அடிகள், 1947 இல் அரங்கேறிய ‘யாழ்நூல்’ வழியாகப் பழந்தமிழரின் சுருதிகளை மீட்க ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டார். அவர் துயிலும் கல்லடியிலேயே அவர் பெயராலான அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இளைஞர் இன்று இசை பயில்கின்றனர். அவ்வீதியிலேயே அவர்களின் வயதொத்தோர் காது செவிடுபட வண்டியோட்டுவது பொருந்துமா?

விடை பல்கலைக்கழக வளாகங்களின் வண்டித் தரிப்பிடங்களிலிருந்தே தொடங்கட்டும். வீட்டு மூலையிற் கிடக்கும் பழைய சைலன்சரை மீளப் பூட்ட ஒரு ஸ்பனரும் சிறிது நேரமும் போதும். மீன் பாடுகிறதா என்பதை அதன்பின் வாவியிடமே கேட்டறியலாம்.