பிள்ளையார் சுழி யார் போட்டது?

அந்த வாக்கியத்தை நான் முதலில் கேட்டது 2017இல். லார்ட்ஸ் இறுதிப் போட்டியில் இந்தியப் பெண்கள் 9 ரன்னில் தோற்று, தோற்றதற்காகவே ஊரெல்லாம் கொண்டாடப்பட்ட நேரம். ஒரு பள்ளி விளையாட்டு விழா. சிறப்பு விருந்தினர் மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு, “பெண்கள் கிரிக்கெட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டதே நம்ம வாரியம்தான்” என்றார். பந்தல் முழுக்கக் கைதட்டல். 2023இல் மகளிர் பிரீமியர் லீக் (டபிள்யூபிஎல்) ஆரம்பித்ததும் அதே மனிதர், வேறு விழா, அதே வாக்கியம். 2025 நவம்பரில் ஹர்மன்பிரீத் அணி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் சாய்த்து உலகக் கோப்பையைத் தூக்கியதும் மூன்றாவது முறை.

இந்த முறை சுழிக்குக் கிளைகளும் முளைத்திருந்தன. இந்தியக் கிரிக்கெட் வாரியம் கைகொடுக்கும்வரை இந்த நாட்டில் பெண்கள் மட்டையையே தொட்டதில்லையாம். அவர்கள் ஆடுவது ஆண்கள் ஆட்டத்தின் நகலாம். பார்க்க ஆளே வராதாம். தமிழ்நாட்டுப் பெண்கள் அணியைப் பற்றிக் கேட்டால், “அதுக்கெல்லாம் ஹிஸ்டரின்னு ஒண்ணும் இல்ல, இனிமேதான் எழுதணும்.”

முன்வரிசையில், சால்வைக்காக உட்கார வைத்திருந்த பழைய ஆட்டக்காரிகளில் நானும் ஒருத்தி. எட்டு வருடம் பொறுத்தாகிவிட்டது.

பிள்ளையார் சுழி என்று ஒன்று இருந்தால் அது 1973இல், லக்னோவில் போடப்பட்டது. மகேந்திர குமார் சர்மா என்ற மனிதர், பெண்கள் கிரிக்கெட் நடக்கப்போகிறது, எல்லோரும் வாருங்கள் என்று ஊருக்குள் மைக் வைத்துக் கூவி ஆள் சேர்த்தார். இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் பதிவானது. அந்த ஏப்ரலில் புனேயில் முதல் தேசியப் போட்டி. வந்தவை பம்பாய், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம் என்று மூன்றே அணிகள். அடுத்தது வாரணாசியில் எட்டு. அதற்கடுத்தது கல்கத்தாவில் பதினான்கு. காசில்லாத ஒரு சங்கம் மூன்றே போட்டியில் மூன்றைப் பதினான்காக்கியது. வாரியம் அப்போது எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். ஆண்கள் கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டுக்கு வரலாறு இல்லையாம். 1976 அக்டோபர் 31, பெங்களூர். இந்தியப் பெண்கள் ஆடிய முதல் டெஸ்ட், எதிரணி மேற்கிந்தியத் தீவுகள், தலைவி சாந்தா ரங்கசாமி. அந்தப் பதினோரு பேரில் மூன்று பேர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். சுதா ஷா, விக்கெட் கீப்பர் ஃபௌசியே கலீலி, பந்துவீச்சாளர் சூசன் இட்டிசேரியா. நாட்டின் முதல் டெஸ்ட் அணியில் கால்வாசிக்கு மேல் நம்முடையது. அடுத்த டெஸ்ட் சென்னையிலேயே நடந்தது. இது வரலாறு இல்லை என்றால், வரலாறு என்பது சேப்பாக்கம் பெவிலியனில் மாட்டியிருக்கும் படங்கள் மட்டும்தான் போலிருக்கிறது.

சுதா ஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் ஆஸ்திரேலியாவின் இருபத்தைந்து வயதுக்குட்பட்டோர் அணி இங்கே வந்து மூன்று டெஸ்ட் ஆடியது. மூன்றுக்கும் இந்தியாவுக்கு மூன்று தலைவிகள், ஒருவர் சுதா. 1958 ஜூனில் பிறந்தவர், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 1991 வரை 21 டெஸ்ட் ஆடினார். பிறகு இந்திய அணிக்குப் பயிற்சியாளராகி, 2005இல் உலகக் கோப்பை இறுதிப் போட்டிவரை அழைத்துப் போனார். நம் விருந்தினரிடம் அவர் பெயரைச் சொன்னபோது, “எந்த ஷா?” என்றார்.

சூசன் கதை இன்னும் மோசம். இந்தியாவின் முதல் டெஸ்டில் பந்து வீசியவரை இன்று நம்மூரில் அடையாளம் சொல்ல, ஸ்குவாஷ் தீபிகா பள்ளிக்கலின் அம்மா என்கிறோம். அதுவும் புரியாவிட்டால் தினேஷ் கார்த்திக்கின் மாமியார் என்கிறோம். உடனே புரிந்துவிடுகிறது.

ஆண்களைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்பதற்கும் பதில் இருக்கிறது. உலகக் கோப்பை என்ற ஏற்பாட்டைப் பெண்கள் 1973இலேயே நடத்தினார்கள், ஆண்கள் 1975இல். ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் என்ற சாதனையை முதலில் செய்தவர் ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன், 1958இல். இயான் போத்தம் அதைச் செய்ய 1980 ஆனது. ஒருநாள் போட்டியில் முதல் இரட்டைச் சதம் பெலிண்டா கிளார்க் அடித்த 229, 1997இல், அதுவும் மும்பையில். சச்சின் குவாலியரில் 200 அடித்தபோது உலகத்திலேயே முதல் முறை என்று தொலைக்காட்சியில் கண்ணீர் விட்டார்களே, பன்னிரண்டு வருடம் தாமதம். சர்வதேச டி20யை முதலில் ஆடியதும் பெண்கள்தான்: 2004 ஆகஸ்ட், ஹோவ் மைதானம், இங்கிலாந்தும் நியூசிலாந்தும். ஆண்கள் ஆறு மாதம் கழித்து வந்தார்கள். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதைத் தேர்வு மேற்பார்வையாளர் முடிவு செய்யட்டும்.

பார்க்க ஆள் வராது? 1976இல் பாட்னாவில் முதல் டெஸ்ட் வெற்றி வந்தபோது 25,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. அடுத்தது.

அடுத்தது, எனக்கு வயிறெரியும் விஷயம். “எடுத்து வளர்த்தது வாரியம்.” இதை மட்டும் நான் சுலபமாக விடப்போவதில்லை.

முதலில் இந்தத் தத்தெடுப்பே பாசத்தில் நடந்ததில்லை. 2005இல் சர்வதேச மகளிர் கிரிக்கெட் கவுன்சிலை ஐசிசி தன்னோடு இணைத்துக்கொண்டது. நாட்டுக்கு நாடு அதேபோல இணையுங்கள் என்று உத்தரவு வந்தது. நம் வாரியம் 2006இல் இணைத்துக்கொண்டது. பெரியவர் சொன்னார் என்று தாலி கட்டியதுபோல. 2011இல் வாரியத் தலைவராகப் பொறுப்பேற்றவரை வாழ்த்தப் போனபோது, என் இஷ்டப்படி நடந்தால் பெண்கள் கிரிக்கெட்டையே நடக்கவிட மாட்டேன் என்று அவர் பதில் சொன்னதாக முன்னாள் இந்தியத் தலைவி டயானா எடுல்ஜி பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். வளர்ப்பு முறை அது.

இப்போது கணக்குக்கு வருவோம். 1976 முதல் 2006 வரை, அந்த ஏழைச் சங்கத்தின் முப்பது வருடத்தில் இந்தியப் பெண்கள் ஆடிய டெஸ்ட்கள் 34. வாரியத்தின் கைக்கு வந்த பிறகு, 2006 முடிந்து 2021 ஜூன் வரை, ஏறக்குறைய பதினைந்து வருடத்தில் ஆடியவை எத்தனை? இரண்டு. நான் மூன்று முறை எண்ணிவிட்டேன், இரண்டுதான். 2014 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வோர்ம்ஸ்லியில் ஒன்று, அந்த நவம்பரில் மைசூரில் ஒன்று. உலகத்திலேயே பணக்கார வாரியம். சீட்டுக் கட்டித் தங்கம் வாங்கிய அத்தையைவிட, நகைக்கடைக்காரர் வீட்டுப் பெண் கழுத்து மொட்டையாக இருந்தது.

அந்த இரண்டிலும் நம் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். வோர்ம்ஸ்லியில் இந்தியாவுக்கு எட்டு பேர் அறிமுகம். எட்டு வருடம் டெஸ்டே ஆடாத அணியில் வேறென்ன நடக்கும். அறிமுகமானவர்களில் ஒருவர் நிரஞ்சனா நாகராஜன். முதல் இன்னிங்ஸில் 19 ரன் கொடுத்து 4 விக்கெட். இங்கிலாந்து 92இல் சுருண்டது. இந்தியா வென்றது. இன்னொருவர் திருஷ் காமினி. மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவர் அடித்தது 192. பூனம் ராவத்தோடு சேர்ந்து இரண்டாவது விக்கெட்டுக்கு 275. இந்தியா இன்னிங்ஸ் வெற்றி. மிதாலி ராஜின் 214க்கு அடுத்து, அன்றைக்கு ஓர் இந்தியப் பெண்ணின் மிகப் பெரிய டெஸ்ட் ஸ்கோர் அது.

192 அடித்தவருக்கு அப்போது வயது 24. அடுத்த டெஸ்ட் எப்போது? ஆறு வருடம் ஏழு மாதம் கழித்து, பிரிஸ்டலில். காமினி அதில் இல்லை. அவருடைய டெஸ்ட் வாழ்க்கையே இரண்டு ஆட்டம். கடைசி ஆட்டத்தில் 192. ஆண்கள் அணியில் ஒருவர் இரண்டாவது டெஸ்டில் 192 அடித்தால் அவர் பெயரில் ஒரு சோப்பு விளம்பரமாவது வந்திருக்கும். இவருக்கு மூன்றாவது டெஸ்டே வரவில்லை. வராததற்குக் காரணம் ஃபார்ம் இல்லை, காயம் இல்லை. டெஸ்டே நடக்கவில்லை.

இதே காமினிதான் உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண். 2013 ஜனவரி 31, பிராபோர்ன் மைதானம், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சரியாக 100. ஏன் பிராபோர்ன் என்று கேட்க வேண்டும். ஆட்டங்கள் வான்கடேயில் நடப்பதாகத்தான் இருந்தது. மும்பை ஆண்கள் ரஞ்சி இறுதிக்கு வந்துவிட்டார்கள், அதற்கு வான்கடே வேண்டும். உலகக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளம்மா என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள், நீ சமையலறையில் சாப்பிடு என்பதுபோல.

ஒருநாள் போட்டியும் டி20யும் நிறைய ஆடினார்களே என்பார்கள். ஆடினார்கள். 2015இல் ஒப்பந்தம் வந்தது, 2022இல் சர்வதேச ஆட்டங்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் வந்தது என்பார்கள். வந்தது. உள்ளூர் ஆட்டத்துக்கு 2021இல் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 20,000, அனுபவமுள்ள ஆண்களுக்கு 60,000 என்று நிர்ணயித்ததையும் சேர்த்தே சொல்லட்டும். சங்கக் காலத்தில் 1988 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவே இல்லையே என்றும் யாராவது கிளப்புவார்கள். அதை இன்னொரு நாள் பேசலாம்.

எங்கள் காலத்தில் காசு இல்லை, அதை யாரும் மறைக்கவில்லை. 2005 உலகக் கோப்பையில் ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் வீதம் எட்டாயிரம் கிடைத்தது என்று மிதாலியே சொல்லியிருக்கிறார். அது இந்திய அணி. எங்கள் அணிக்கு ஆயிரம் ரூபாய் முழுதாகக் கண்ணில் பட்டதில்லை. மொத்த அணிக்கும் ஒரே கிட் பை. மட்டை மூன்று, அதில் ஒன்றுக்குக் கைப்பிடி ரப்பர் கிடையாது, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தோம். பேடு இரண்டே ஜோடி, இரண்டும் ஏதோ ஓர் அண்ணன் கழித்துப் போட்டவை. எனக்கு முழங்காலைத் தாண்டித் தொடைவரை வரும். விக்கெட் விழுந்தால் ஆட்டமிழந்தவள் ஓடி வரவேண்டும், எல்லைக் கோட்டில் உட்கார்ந்து பக்கிள்களைக் கழற்றவேண்டும், அடுத்தவள் அதே ஈரத்தோடு கட்டிக்கொண்டு ஓடவேண்டும். அம்பயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் எங்கள் அணியில் எல்லோருக்கும் பேடு கட்டும் வேகம் அதிகம். காலை நேரம் மைதானம் பையன்களுக்கு. மத்தியானம் இரண்டு மணிக்கு மேட் காயும் வாசனையோடு எங்களுக்கு. அந்த மேட்டின் ஆணிகளை நாங்களே அடிப்போம், நாங்களே பிடுங்குவோம், எண்ணித் திருப்பிக் கொடுப்போம். ஓர் ஆணி குறைந்தால் அடுத்த வாரம் மைதானம் கிடையாது. அது யார் வைத்திருந்த மைதானம் என்பது இப்போது வேண்டாம். பிள்ளையார் சுழிக்கு முந்தைய காலம் அல்லவா.

தமிழ்நாட்டு அணி என்ன கோப்பை வாங்கிவிட்டது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வேலை கொடுத்த ரயில்வே கோப்பைகளை அள்ளிக்கொண்டு போனது. வேலை கொடுக்காதவர்கள் ஆட்டக்காரிகளை வழியனுப்பி வைத்தார்கள். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த தயாளன் ஹேமலதா இந்திய அணிக்கும் ஆடினார், ரயில்வேக்கும் போனார். கோப்பையை எண்ணுவதற்கு முன்னால் இதை எண்ணட்டும். 2024 டபிள்யூபிஎல்லுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கீர்த்தனா போனார். அதே வருட டிசம்பர் ஏலத்தில் பதினாறு வயது கமலினிக்கு 1.6 கோடி. இந்தப் பெண்கள் வானத்திலிருந்து குதித்தார்கள் என்று நம்புகிறவர்களோடு நான் என்ன பேசுவது.

2025 விழாவில் சால்வை போர்த்தியானதும் விருந்தினரைத் தனியாகப் பிடித்தேன். 1976, பெங்களூர், மூன்று பேர், 34, இரண்டு, 192 எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “இதெல்லாம் எனக்குத் தெரியாதே மேடம். வாட்ஸ்அப்ல அனுப்புங்க, அடுத்த வாட்டி கண்டிப்பா சேத்துக்கறேன்” என்றார். அன்றிரவே கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தேதி வாரியாகத் தட்டி அனுப்பினேன். நீலக் கோடு இரண்டும் விழுந்தது. கும்பிடும் கை ஒன்றும் வந்தது.

சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். போன மாதம் ஒரு கல்லூரி விழா. மைக்கை இரண்டு தட்டு தட்டினார். முன்வரிசையில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். “நெறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்றேன். பெண்கள் கிரிக்கெட்டுக்கு 1976லயே பிள்ளையார் சுழி போட்டது நம்ம வாரியம்தான்.”