எத்தனை பவுன்?

கல்யாணப் பேச்சு தொடங்கியதும் மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை பவுன் போடுவீர்கள்?" என்பதுதான் அது. இந்தக் கேள்வியால் கலங்காத பெண் வீடு தமிழ்நாட்டில் குறைவு.

பிரிட்டனில் இந்தக் கேள்வியை மாப்பிள்ளை வீட்டார் கேட்பதில்லை. சர்க்காரே கேட்கிறது!

அங்கே பவுன் என்பது தங்கம் அல்ல. அந்த நாட்டுப் பணம். "வெளிநாட்டில் இருக்கும் கணவனை அழைத்துக்கொள்ள வேண்டுமா? ஆண்டுக்கு எத்தனை பவுன் சம்பாதிக்கிறீர்கள்?" என்பதே கேள்வி. சொல்லும் தொகை போதாவிட்டால் மனைவி ஒரு நாட்டில். கணவன் ஒரு நாட்டில்.

இது நியாயமா?

ஏறிய தொகை

பிரிட்டனின் குடிமக்களுக்கும், அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும் உள்ள சட்டம் இது. கணவனையோ மனைவியையோ வெளிநாட்டில் இருந்து அழைப்பவருக்கு ஆண்டு வருமானம் 18,600 பவுன் இருக்க வேண்டும் என்று 2012 ஜூலை 9 அன்று விதி வந்தது.

2023 டிசம்பரில், "இனி 38,700 பவுன் வேண்டும்" என்று சர்க்கார் அறிவித்தது. பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. "படிப்படியாக உயர்த்துகிறோம்" என்று சர்க்கார் இறங்கி வந்தது. முதல் படியாக 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுன் என்று ஆனது. அதே ஆண்டு ஜூலையில் வேறு கட்சி ஆட்சிக்கு வந்தது. அது மேற்கொண்டு உயர்த்துவதை நிறுத்தி வைத்தது. ஆனால் 29,000-ஐக் குறைக்கவில்லை.

வேறு நிபந்தனைகளும் உண்டு. இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். கல்யாணம் உண்மையானதாக இருக்க வேண்டும். வருகிறவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும். இந்தியாவில் இருந்து போகிறவர், காசநோய் இல்லை என்று பரிசோதனைச் சான்று காட்ட வேண்டும். தங்குவதற்கு வீடு இருக்க வேண்டும்.

இவற்றைப் பெரிய குறையாகச் சொல்ல முடியாது. பொய்க் கல்யாணம் செய்துகொண்டு நாட்டுக்குள் நுழைபவர்களைத் தடுக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் சம்பளம் குறைவு என்பதற்காக உண்மையான கல்யாணத்தைப் பிரித்து வைக்கலாமா?

ஒரு கணக்கு

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பெண் லண்டனில் பிறந்து வளர்ந்தவள். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் வேலை. கல்யாணம் கும்பகோணத்தில் நடக்கிறது. மாப்பிள்ளை எலெக்ட்ரீஷியன், நல்ல தொழில்காரர்.

2024 ஏப்ரலில் பிரிட்டனில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11 பவுன் 44 பென்ஸ். அந்தக் கூலியில் அவள் வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுவதும் உழைத்தாலும் கிடைப்பது சுமார் 23,795 பவுன்தான். 29,000-க்கு இன்னும் 5,205 பவுன் குறைகிறது.

குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று சொன்னதும் சர்க்கார்தான். அந்தக் கூலி வாங்குகிறவள் கணவனோடு வாழப் போதாது என்று சொல்வதும் அதே சர்க்கார்தான்!

குறையும் தொகையைச் சேமிப்பைக் காட்டி ஈடுகட்டலாம். ஆனால் சேமிப்பில் முதல் 16,000 பவுன் கணக்கில் சேராது. அதற்கு மேல் உள்ள பணத்தில்தான் ஈடுகட்ட வேண்டும். சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுன் வேண்டும். கூலி வேலை செய்கிறவர்களிடம் அவ்வளவு பணம் ஏது?

மாப்பிள்ளை கும்பகோணத்தில் சம்பாதிப்பது கணக்கில் வராது. லண்டனில் அவருக்கு வேலை தயாராகக் காத்திருந்தாலும் சாதாரணமாக அதுவும் கணக்கில் வராது. அவர் போய்ச் சேர்ந்து உழைக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் சம்பளத்துக்கு மதிப்பு. போவதற்கோ வழி இல்லை!

சர்க்கார் சொல்லும் காரணம்

"வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களால் வரி கட்டும் மக்களுக்குப் பாரம் ஏற்படக் கூடாது" என்பது சர்க்காரின் வாதம். கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது.

ஆனால் இந்த விசாவில் வருகிறவருக்குச் சர்க்கார் உதவித் தொகை பெறும் உரிமை சாதாரணமாகக் கிடையாது. ஆஸ்பத்திரி வசதிக்காகவும் முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரி முதல் அது ஆண்டுக்கு 1,035 பவுன். விசாக் கட்டணம் தனி. முன்பணம் வாங்கிக்கொண்ட பிறகு, "நீ பாரம்" என்று சொல்வது என்ன முறை?

பூசாரியின் வரம்

இந்த விஷயத்தில் பிரிட்டனுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அங்கே குடியேறிய ஆண்கள் மனைவியை எளிதில் அழைத்துக்கொள்ளலாம். பெண்கள் கணவனை அழைப்பது மிகவும் கஷ்டம். மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுக்குப் போனார்கள். 1985 மே மாதம் தீர்ப்பு வந்தது. "ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி கூடாது" என்பது அதன் சாரம். பெண்கள் வென்றார்கள்.

சர்க்கார் என்ன செய்தது? பெண்களுக்கு வழி திறக்கவில்லை. ஆண்களுக்கும் கதவை இறுக்கியது! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை.

குழந்தைகள் என்ன செய்தார்கள்?

உதாரணக் குடும்பத்தில் லண்டனில் ஒரு குழந்தை பிறக்கிறது. அது பிரிட்டன் பிரஜை. அதற்கு அங்கே எல்லா உரிமையும் உண்டு. அப்பாவின் மடியில் உட்காரும் உரிமை மட்டும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு தாய் முழு நேர வேலைக்குப் போக முடியாவிட்டால் வருமானம் இன்னும் குறையும். அப்பா வரும் நாள் இன்னும் தள்ளிப் போகும்.

சுமார் 15,000 குழந்தைகள் இந்த விதியால் பாதிக்கப்பட்டதாக, இங்கிலாந்தின் குழந்தைகள் நல ஆணையர் 2015-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ கம்ப்யூட்டர் திரையில் தெரியும் முகம்தான்.

2017 பிப்ரவரியில் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. குறைந்தபட்ச வருமானம் கேட்பது சட்ட விரோதம் அல்ல என்றது. ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் சரியாகக் கவனிக்கவில்லை என்று கண்டித்தது. அதன் பிறகு, மிகக் கொடுமையான நிலையில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் வேறு வருமானத்தையும் பார்க்கலாம் என்று விதி மாறியது. மற்றவர்கள் காத்துத்தான் கிடக்க வேண்டும்.

பெண்ணைப் பெற்றவர்கள் கவனிக்க

சீமை மாப்பிள்ளை என்றதும் மயங்கிவிடக் கூடாது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்று கேட்பது தவறல்ல. வேலை விசாவில் போனவருக்கு விதிகள் வேறு. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கான விசாவில் 2024 மார்ச் 11-க்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவர் மனைவியை அழைத்துக்கொள்ள முடியாது. 2024 ஜனவரி முதல் படிக்கப் போனவர்களில் பெரும்பாலோரும் அழைக்க முடியாது.

குடியுரிமை பெற்ற மாப்பிள்ளை என்றால், ஒரே இடத்தில் ஆறு மாதம் வேலை பார்த்த சம்பளச் சீட்டும் பாங்குக் கணக்கும் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். கல்யாணப் போட்டோ மட்டும் போதாது. கல்யாணத்தைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். தமிழில் உள்ள பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பொய்ச் சம்பளச் சீட்டு தயாரித்துத் தருவதாகச் சொல்லும் தரகரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். பொய் வெளிப்பட்டால் பத்து ஆண்டுகள்கூடத் தடை வரும்.

செய்ய வேண்டியது

பிரிட்டன் சர்க்காருக்கு யோசனை சொல்லும் குடியேற்ற ஆலோசனைக் குழு 2025 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 38,700 பவுன் என்ற அளவு வேண்டாம் என்றது. குடும்பம் தன் காலில் நிற்க 23,000 முதல் 25,000 பவுன் வரை போதும் என்றது. அந்த யோசனையை ஒதுக்கக் கூடாது. வருகிறவரின் உழைப்புக்கும் கணக்கில் இடம் தர வேண்டும். குழந்தை உள்ள குடும்பங்களை முதலில் சேர்த்து வைக்க வேண்டும்.

கல்யாணம் உண்மையா என்று எத்தனை முறை வேண்டுமானாலும் விசாரிக்கட்டும். "எத்தனை பவுன்?" என்று மட்டும் கேட்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலே அது தவறு. ஒரு சர்க்கார் கேட்கலாமா?