'புலி வருது' கதை ஆகலாமா சுனாமி?

அந்தமான் கடலடியில் 4, 5 அளவில் நிலநடுக்கம் வருவது புதுசு அல்ல. இந்தியப் பாறைத் தட்டு அங்கே பக்கத்துத் தட்டுக்கு அடியில் நுழைவதால் அடிக்கடி குலுங்கும். உடனே சென்னையில் "சுனாமி வருதாம்!" என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள்.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுமத்ரா அருகே வந்தது 9.1. சக்தியில் பத்து லட்சம் மடங்குக்கும் மேல்! அலை சென்னையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது.

வதந்திக்குப் பத்து தடவை ஓடிய மீனவக் குப்பத்து மக்கள், நிஜ அலை வரும்போது "போப்பா!" என்று படுத்துவிட்டால்? மையம் சொன்னால் உடனே கிளம்புங்கள். வதந்தியைக் காதில் வாங்காதீர்கள்!