இருபத்தைந்து டிகிரி என்னும் கற்பனை

வெப்பமண்டலத்துச் சூரிய மின்சாரம் குறித்து இரண்டு குரல்கள் ஓயாமல் ஒலித்து வருகின்றன. வெயில் கொட்டிக் கிடக்கிறது, தகட்டை விரித்தால் போதும் என்கிறது ஒன்று. மேகமும் புழுக்கமும் மண்டிய ஊரில் இது வீண்செலவு என்கிறது மற்றொன்று. சிங்கப்பூரை முன்வைத்துப் பார்த்தால் இரண்டுமே கணக்குப் போடச் சோம்பிய குரல்கள் என்றே நமக்குப் படுகிறது.

முதலாமவருக்குத் தகட்டின் பின்புறம் ஒட்டிய எண்ணே வேதவாக்கு. 400 வாட் என்று அங்கே அச்சிட்டிருப்பது, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழ, மின்கலம் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. சிங்கப்பூரின் நண்பகலில் அப்படியொரு கூரையை யார் கண்டார்? காற்றே 31, 32 டிகிரி. கூரைமேல் காயும் மின்கலம் எளிதாக 60-ஐத் தொடும். சிலிக்கன் மின்கலம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு திறனை இழக்கிறது. 35 டிகிரிக்கு 12 விழுக்காடு போயிற்று. அதே ஒளியில் 400 வாட், 350-ஐ ஒட்டி நிற்கும். தகட்டுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. விற்பவர்கள் இதை முதலிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாமவர்மீதுதான் நமக்குக் கோபம் அதிகம். அவருடைய அறியாமை ஐயவாதம் போல வேடமிட்டு வருகிறது. சிங்கப்பூரின் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஓராண்டில் விழும் ஒளி ஏறத்தாழ 1600 கிலோவாட் மணி. ஜெர்மனியின் பெரும்பகுதியில் அது 1200-ஐத் தாண்டுவதில்லை. சிங்கப்பூர் ஒளியில் ஏறக்குறைய பாதி மேகத்தில் சிதறி வருவது என்பது மெய்தான். சிதறிய ஒளியையும் தகடு மின்சாரமாக்கும், அளவு குறையுமே ஒழிய அணைந்துபோகாது. வெப்ப இழப்பைக் கழித்த பின்னும் மிச்சம் சிங்கப்பூர்ப் பக்கமே. ஜெர்மானியக் கூரைகளை வியந்துவிட்டு இங்கே உதட்டைப் பிதுக்குவது என்ன நியாயம்?

தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021-இல் 1,22,000 தகடுகளை மிதக்கவிட்டார்கள், 60 மெகாவாட். இடப் பஞ்சத்துக்கு விடை அது. நீரின் குளிர்ச்சியால் வெப்ப இழப்பும் சற்றுக் குறைகிறது.

உண்மையான தொல்லையை இருவரும் தொடுவதேயில்லை. ஐம்பது கிலோமீட்டர் நீளத் தீவின்மேல் ஓர் இடிமேகம் கவிந்தால் சில நிமிடங்களில் உற்பத்தி சரியும். கலைந்தால் மீண்டும் எகிறும். மின்தொகுப்பு அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஜூரோங் தீவில் 2023-இல் திறக்கப்பட்ட 285 மெகாவாட் மணி மின்கலக் கிடங்கு இத்தகைய தேவைக்கானதுதான். அதற்கு என்ன செலவு, அதை யார் ஏற்பது என்று விவாதிக்க வருபவர் யாராயினும் அவரோடு விடியவிடியப் பேச நாம் தயார்.