பாடம் இலவசம், பிழை திருத்துபவர் யார்?

பட்டறையில் லேத் ஓட்டுபவருக்கும் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கும் டிராயிங் ஆபீசின் கதவு ஒரு காலத்தில் எளிதில் திறந்ததில்லை. ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ படித்தவர்களுக்கே அங்கு இடம் கிடைத்தது. 1982இல் ஆட்டோகேட் வெளிவந்த பின், டிராயிங் போர்டும் டி-ஸ்கொயரும் படிப்படியாக ஒதுங்கி, கம்ப்யூட்டர் அந்த இடத்தைப் பிடித்தது. இன்றோ அந்த வேலையைக் கற்பிக்கும் வீடியோ பாடங்கள், தமிழிலேயே கூட, யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெங்களூரு பீனியாவில் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞர், பெரும் கட்டணம் செலுத்தாமல் இரவில் அமர்ந்து படிக்க வழி பிறந்திருக்கிறது. இது பெரிதும் வரவேற்கத்தக்கது.

எனினும், பார்ப்பது வேறு; கற்பது வேறு. செல்போனில் நூறு வீடியோ பார்த்தாலும், மவுசைக் கையில் பிடித்து ஒரு பிளேஞ்சை அளவு பிசகாமல் வரைந்து பழகாதவருக்கு வேலை தெரிந்ததாகாது. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இந்த உண்மையை உணர்ந்தே அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 10 நிமிடப் பாடத்தை ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் அதையே உடனுக்குடன் செய்து பார்க்க வேண்டும் என்பது அதன் முறை. கேட் படிப்போரும் இந்த முறையையே கைக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வீடியோ ஆசிரியர் மாணவனின் தவறைச் சுட்டிக் காட்டுவதில்லை. அமெரிக்கப் பாடங்கள் பெரும்பாலும் மூன்றாம் கோண முறையைப் பின்பற்றுகின்றன. அதில் மேல்தோற்றம் முன்தோற்றத்திற்கு மேலே வரும். நம் நாட்டில் வழக்கிலுள்ள முதல் கோண முறையில் அது கீழே வரும். இந்த வேறுபாடு அறியாமல் வரைந்த படத்தைப் பட்டறையில் கொடுத்தால், துளை போட வேண்டிய பக்கமே மாறிவிடும். அளவிலும் இதே ஆபத்து இருக்கிறது. அங்குலத்தில் தொடங்கிய படத்தில் 25 என்று இட்டால், அது 25 மில்லிமீட்டர் அல்ல, 635 மில்லிமீட்டர். வீணாகும் இரும்புக்கும் பறிபோகும் வேலைக்கும் எந்த வீடியோவும் பொறுப்பேற்காது. ஆகவே, மென்பொருளின் கட்டளைகளை மனப்பாடம் செய்யும் முன், வரைபடத்தைப் படிக்கும் அடிப்படையைக் கற்பது அவசியம்.

திருட்டு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு பழகும் வழக்கமும் ஒழிய வேண்டும். அது சட்டவிரோதம், வைரஸ் தொல்லையும் உடன் வரும். ப்ரீகேட், லிப்ரேகேட் ஆகியவற்றை எவரும் முறையாகவே இலவசமாகப் பயன்படுத்தலாம். ப்ரீகேட்டின் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் ஆட்டோகேட் தெரியுமா என்று கேட்கலாம். ஆனால் கோடும் வட்டமும் அளவும் எங்கும் ஒன்றே; ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றுக்கு மாறுவது கடினமன்று.

இங்கேதான் வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. வாடகை அறையில் நால்வரோடு தங்கியிருப்பவரிடம் செல்போன் இருக்கும், கம்ப்யூட்டர் இராது. சங்கக் கட்டிடத்தில் நான்கைந்து பழைய கம்ப்யூட்டர்களை வைத்து, மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் திறந்துவிட்டால் போதும். பொதுத்துறை ஆலைகளில் டிராஃப்ட்ஸ்மேனாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வாரம் இருமுறை அவர்கள் வந்து, இளைஞர்கள் வரைந்ததைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால், எந்த வீடியோவும் செய்ய முடியாத பணி நிறைவேறும். உடன் வேலை செய்யும் கன்னடத் தோழர்களுக்கும் அக்கதவு திறந்திருக்க வேண்டும்.

ஆண்டு விழாவுக்கும் பட்டிமன்றத்திற்கும் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கே இதற்குத் தேவைப்படும். பிழைப்புத் தேடி வந்தவர்களின் கூலி உயர வழி செய்வதும் தமிழ்த் தொண்டே என்பதைச் சங்க நிர்வாகிகள் உணர்ந்து, தாமதமின்றிச் செயலில் இறங்க வேண்டும்.